சத்தமில்லாத ஒயர்

எங்கள் பெரியப்பாவின் கார் தெருமுனையில் திரும்புகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் முன்னால் ரேடியோவுக்குத்தான் தெரியும். பாட்டு பாட்டுக்கு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று இரும்புச் சட்டியில் பட்டாணி வறுப்பதுபோலக் கரகரவென்று ஒரு சத்தம் அதன்மேல் வந்து விழும். வண்டி நெருங்க நெருங்க வறுக்கிற வேகமும் கூடும். வாசலில் எஞ்சினை அணைத்ததும் சட்டென்று அடங்கிவிடும். அதற்குள் பாட்டில் ஒரு சரணம் போயிருக்கும். ஸ்கூட்டர் போனாலும் ரேடியோ இரையத்தான் செய்யும். ஆனால் பெரியப்பா வண்டியின் கரகரப்பு தனி. அந்தச் சந்தில் பால்குடிப் பிள்ளைகூட அதை அடையாளம் சொல்லும்.

அதை ஒருதடவைகூடக் கேட்டிராத ஒரே ஆள் பெரியப்பா. அவர் வீட்டில் இருக்கும்போது கார் ஓடாது. கார் ஓடும்போது அவர் அதற்குள் எஞ்சின் இரைச்சலில் இருப்பார். யாராவது சொல்லலாமே என்றால், அவரிடம் குறை சொல்லும் தைரியம் தெருவில் எவருக்கும் இல்லை. எதிர்வீட்டு வாத்தியார் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். முக்கியமான ஓவரில் கரகரப்பு வந்து விழும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வருகிறவர், பெரியப்பா இறங்கியதும், "வாங்கண்ணே, இன்னைக்கு வெயில் சாஸ்தியோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

எழுபதுகளின் கடைசி அது. வடக்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. பெரியப்பாவுக்கு விதையும் உரமும் வியாபாரம். ஒருநாள் சமயநல்லூர் பக்கம், ஒருநாள் கொட்டாம்பட்டி பக்கம் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். எப்போது கிளம்புவார், எப்போது திரும்புவார் என்று யாரிடமும் சொல்ல மாட்டார். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சீமைக் கார் அவருடையது. முகப்பு உருண்டையாக, கொழுகொழுவென்று இருக்கும். ஹாரன் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நம்ம வீட்டுக்கு நம்மளே தண்டோரா போட்டுக்கிட்டா வர்றது?" என்பார். தண்டோரா தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது, பாவம்.

பெரியம்மா முன்னமே தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆக, பெரியப்பா வெளியே போய்விட்டால் வீட்டில் அம்மா, அத்தை, நான் மூன்று பெண்கள்தான். அத்தை என்றால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கச்சி. பத்தாவதில் நல்ல மார்க். டைப்ரைட்டிங் படித்து கவர்மெண்ட் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதை ஒரு காதுகுத்து வீட்டில் வைத்து யாரோ ஒரு சித்தப்பா பேச்சுவாக்கில் போட்டு உடைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த பந்தலில் பெரியப்பா எழுந்து நின்று சொன்னார்.

"நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ள ஆபீசுல போயி உக்காந்து டொக்கு டொக்குனு தட்டுறதா? நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

தனியாக வீட்டில் சொல்லியிருந்தால் அம்மா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எப்படியாவது மாற்றியிருப்பாள். சபையில் சொன்ன சொல்லாகிப் போனது. எங்கள் ஆட்களிடம் சபையில் சொன்னதைத் திரும்ப வாங்கினவர் எவரும் கிடையாது. அதன்பிறகு மூன்று வருஷம் அத்தையைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள், போனார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் குடும்பம். அவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மெஷினை வைத்துக்கொண்டு மனு டைப் அடித்துக் கொடுப்பவர். அவருடைய பழைய மெஷின் ஒன்று வீட்டிலேயே கிடந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு தட்டிக் கதவு. பெரியப்பாவின் கார் கிளம்பியதும் அத்தை அந்தக் கதவு வழியாகப் போய்விடுவாள். ஒன்றரை வருஷமாக இப்படிப் போய், பாய் ஆபீஸ் இல்லாத நாட்களில் சொல்லிக் கொடுத்து, பரீட்சைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஹால் டிக்கெட்கூட அவர்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வந்தது. "பிள்ளைக்கு வெரலு ஓடுறதப் பாத்தா, மாஷா அல்லா, எங்க வீட்டுக்காரருக்கே பொறாமையாத்தான் இருக்கு" என்று பாய் வீட்டம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி அம்மாவிடம் சொல்வார். அந்தப் பரீட்சையில் தேறினால் அத்தைக்கு ஒரு வேலை. இல்லாவிட்டால் எவனாவது ஒருத்தன் வந்து தலையாட்டுகிற வரைக்கும் அடுப்படியும் கேசரியும்தான்.

ரேடியோ கரகரத்ததும் அம்மா ஓடிப்போய் அதன் சத்தத்தைக் கூட்டுவாள். பாட்டு தெளிவாகக் கேட்கும்போது சின்னதாக வைத்திருக்கிறவள், பட்டாணி வறுபடும்போது வீடே அதிர வைப்பாள். இரண்டு நிமிஷத்தில் அத்தை கொல்லைப்பக்கமிருந்து வந்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிடுவாள். இதெல்லாம் கோத்துப் பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. எனக்கு ஒன்பது வயது. அத்தை பாய் வீட்டம்மாவோடு பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தை தனக்குப் பிடித்த பாட்டைக் கோட்டைவிடக் கூடாதென்று அம்மா சத்தத்தைக் கூட்டுகிறாள் என்று நினைத்தேன். அந்த வயதிலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு வேறு.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் கார் சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. நாலு கால் பாய்ச்சலில் போகவேண்டியது மூன்று காலில் நொண்டியது. அழகர்கோவில் ரோட்டில் ஒருநாள் படுத்தேவிட்டது. மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை. எனக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால் பெரியப்பா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டு, அப்படியே ஷெட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். வாய் நிறையப் பஞ்சு. ஒரு மணி நேரத்துக்குப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியப்பா அதை இரண்டு தடவை நினைவூட்டினார்.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டின்மேல் ஒரு கனத்த சாக்கைப் போர்த்தி, "உள்ள தலையை விட்டுப் பாருங்கண்ணே" என்றார். பெரியப்பா தலையை விட்டார். நானும் விட்டேன். இருட்டுக்குள் கறுப்பு ஒயர்கள் நாலும் பாம்புக்குட்டிகள்போல நெளிந்து கிடந்தன. அவற்றின்மேல் அங்கங்கே நீலமாகப் பொரிபொரியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஒயருக்கு மேல்தோல் பூராம் வெடிச்சுப் போச்சு. கரண்டு, பெட்ரோலைப் பத்தவைக்கிற பிளக்குக்குப் போகாம, வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டுத் திரியுது. மாத்தித்தான் ஆகணும்" என்றார் மெக்கானிக்.

பழைய ஒயர்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தோம். கடைக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக மேசைமேல் நீட்டிவைத்து, அளவுகோலை வைத்து அளந்தார். நாலும் நாலு நீளம். நீளம் கூடிப்போனால் புகைக்குழாயில் உரசி வெந்துபோகும், குறைந்துபோனால் வண்டி குலுங்குகிற குலுக்கலில் கழன்றுகொள்ளும் என்றார். பிறகு இரண்டு தினுசு ஒயர் எடுத்துப் போட்டார். சவர பிளேடால் இரண்டின் முனையையும் சீவிக் காட்டினார். ஒன்றின் நடுவில் பளபளவென்று செம்புக் கம்பிகள். இன்னொன்றின் நடுவில் வெறும் கறுப்பு நூல்.

"இது நூல்ல?" என்றார் பெரியப்பா.

"நூலுதான். கரி ஏத்துன நூலு. புதுசா வந்திருக்கு."

"நூலுக்குள்ள எங்கிட்டுய்யா கரண்டு போகும்? திரி மாதிரில்ல இருக்கு. செம்பையே குடுங்க. ஆயுசுக்கும் கெடக்கும்."

"செம்பு நல்ல சாமான்தாண்ணே, நான் இல்லைங்கல. பழைய வண்டிக்கெல்லாம் அதுதான் போடுறது. ஆனா இதுல ஒரு சவுரியம் இருக்கு. இதப் போட்டா ரேடியோ இரையாது. அதனால இதுக்குச் சத்தமில்லாத ஒயருன்னே பேரு."

"என் வண்டியில ஏதுய்யா ரேடியோ? செம்பைக் கட்டுங்க."

கடைக்காரர் செம்பு ஒயரை அளந்து வெட்டக் கத்தரியை எடுத்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அத்தையின் பாட்டுகள் எத்தனை பாழாகியிருக்கின்றன. பஞ்சைத் துப்பிவிட்டுப் பேசிவிட்டேன்.

"பெரியப்பா, நம்ம வீட்டு ரேடியோ கரகரங்குமே."

"எப்ப?"

"நீங்க வரும்போதெல்லாம். பிள்ளையார் கோயில் முக்குல நம்ம காரு திரும்பும்போதே ஆரம்பிச்சிடும். எதிர்வீட்டு சார்கூடப் பல்லைக் கடிப்பாரு. அத்தைக்குப் பாட்டே கேக்க முடியாது."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். தன் முதுகில் இத்தனை வருஷமாக யாரோ காகிதம் ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட ஆள்போல இருந்தது அவர் முகம். "ஏன் ஒரு பயலும் எங்கிட்டச் சொல்லல?" என்று கடைக்காரரிடம் கேட்டார். அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

நூல் ஒயர் வாங்கினோம். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் முனையிலுள்ள தொப்பியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், நூல் அறுந்துவிடும் என்று கடைக்காரர் எனக்கும் சேர்த்துச் சொன்னார். நான் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். மெக்கானிக் எந்த ஒயர் எந்தப் பிளக்குக்கு என்று மாறிவிடாமல் ஒவ்வொன்றாகப் பொருத்தி எஞ்சினைக் கிளப்பினார். ஒரு பிசிறு இல்லை. பெரியப்பாவே, "பரவால்லயே" என்றார். வீடு வரைக்கும் நான் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். பிள்ளையார் கோயில் முக்கில் திரும்பினோம். நான் ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டினேன், எதிர்வீட்டு ரேடியோவில் வர்ணனை தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடியே பெரியப்பாவும் காதுகொடுத்தார். உள்ளே பாட்டு சுத்தமாகக் கேட்டது.

"ஏத்தா, நீ சொன்னது நெசந்தான்" என்று சிரித்துக்கொண்டே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

உள்ளே போனால், அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வந்தவள் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பேய் அறைந்தாற்போல் முகம்.

"தங்கச்சி எங்க?"

அம்மா முந்தானையை முறுக்கினாள். "கொல்லையில துணி காயப் போடுது மச்சான்."

பெரியப்பா கொல்லைக்குப் போனார். துணியும் இல்லை, அத்தையும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து டைப் அடிக்கிற சத்தம் வந்தது. அந்த நேரத்தில் பாய் வீட்டில் இருக்க மாட்டார் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். விட்டு விட்டு டொக்கு டொக்கென்று வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அது விடாமல் வந்துகொண்டே இருந்தது. வரி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு மணி, பிறகு மறுபடி ஓட்டம். தட்டிக் கதவுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று கேட்டார். நான் அம்மாவிடம் ஓடி, "நான்தாம்மா புது ஒயர் எடுக்கச் சொன்னேன், இனி ரேடியோ கரகரக்காது" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பல் பிடுங்கிய இடத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தது.

சத்தம் நின்றது. தட்டிக் கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தாள். விரல் நுனியெல்லாம் ரிப்பன் மை. எதிரில் பெரியப்பா.

"பரீட்சை எதுவும் எழுதுறியா?"

"ஆமாண்ணே."

"எப்ப?"

"அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம்."

பெரியப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தை அழுது தீர்த்திருப்பாள். அவர் போய் ஈசிசேரில் சாய்ந்துவிட்டார். அத்தை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்று சாயங்காலம் நானே போய் அவளிடம், "அத்தை, இனி நீங்க நல்லாப் பாட்டுக் கேக்கலாம்" என்று சொன்னேன். "நல்ல காரியம் பண்ணுன, தாயி" என்றாள். நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து அத்தை பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. பாய் வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பார். அம்மா தலையை அசைப்பாள். அவர் தலையை இறக்கிக்கொள்வார். ரேடியோவை யாரும் போடவில்லை. நான் போட்டாலும் அம்மா வந்து அணைத்தாள். இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஒயர் மாற்றியும் இவர்களுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படியே அஞ்சு நாள்.

ஆறாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால் வாசலில் பெரியப்பாவின் கார். "ஏறு" என்றார். நேரே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம்.

"செம்பு ஒயரு அளந்து குடுங்க" என்றார்.

கடைக்காரருக்குத் திக்கென்றது. "ஏண்ணே, நூலு அறுந்து போச்சா?"

"வண்டி இழுக்க மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான் அதே வண்டியில்தான் வந்திருக்கிறேன். வழுக்கிக்கொண்டு வந்தது. ஷெட்டில் மெக்கானிக்கும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானண்ணே இழுக்குது? எதுக்கு இத மாத்தச் சொல்றீங்க?" என்றார். "சொன்னதச் செய்யி மாப்ள" என்றார் பெரியப்பா, அவர் முகத்தைப் பார்க்காமல். நான் எடுத்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டார்கள். தொப்பியைப் பிடித்துக்கூட இழுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பெரியப்பா கேட்டார். "ஏத்தா, ரேடியோ எங்கன வரும்போது கரகரங்கும்னு சொன்ன?"

"பிள்ளையார் கோயில் முக்கு" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த முக்கில் திரும்பியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கிற ஆள் குனிந்து பார்த்து, "என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

"இல்லப்பா. சூடு ஆறட்டும்னு நிக்கிறேன்."

எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே சூடு ஆற்றுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து நிமிஷமாவது இருக்கும். பிறகு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எதிர்வீட்டு வாத்தியார் வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டே உள்ளே போனார்.

அம்மாவும் அத்தையும் கூடத்தில்தான் நின்றார்கள். இரண்டு பேர் காதிலும் அந்தக் கரகரப்பு ஐந்து நிமிஷமாக விழுந்துகொண்டிருந்திருக்க வேண்டும், எதிர்வீட்டு ரேடியோவிலிருந்து. பெரியப்பா செருப்பைக் கழற்றினார். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துப் பேசினார்.

"அந்த நூல் ஒயரு சரிப்படல. மாத்திட்டேன். இனிமே பழையபடி ரேடியோ கரகரங்கத்தான் செய்யும். எல்லாரும் பொறுத்துக்கங்க." தேதியில் விரலை வைத்து, "நாளைக்குக் கொட்டாம்பட்டி போறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வாரேன். நாளன்னைக்கும் அப்பிடித்தான். பரீ..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "அந்த வாரம் பூராமே வெளியூர் வேலை கெடக்கு" என்று முடித்தார்.

எப்போது திரும்புவேன் என்று அந்த மனுஷர் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை அப்படியே அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அங்கே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதாள், தோள் குலுங்கக் குலுங்க. அம்மா, "சும்மா இரு, சும்மா இரு" என்று அவள் முதுகைத் தடவினாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

அத்தை பரீட்சை எழுதினாள், தேறினாள், தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். முதல்நாள் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டவர் பெரியப்பாதான். இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாராம். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் பார்த்துப் பார்த்து எடுத்த ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டார், இனி பாட்டுக் கேட்க முடியாதே என்று அத்தை இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்பதுதான். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க அத்தை, நான் பெரிய பிள்ளையானதும் வேற ஒயரு வாங்கித் தாரேன்" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. பெரியப்பாவோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அஞ்சு நாளாகப் பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்தவர், இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தையை இந்தப் பாடு படுத்திவிட்டு ஒரு மனுஷருக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று, அவர் கை கழுவி எழுந்திருக்கிற வரைக்கும் தூணோரம் நின்று முறைத்துக்கொண்டே இருந்தேன்.